வண்டி இடித்துவிட்டது, விமானம் அடுத்த வாரம்: நீலகிரிக்கு வரும் வெளிநாட்டு உறவினர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்தான். 1964-இல் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்த மலைக்கு வந்து, டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்து பறித்த குடும்பம் எங்களுடையது. இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும், அவர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டாரும் இன்று கொழும்பு, டொரண்டோ, பாரிஸ் என்று சிதறிக் கிடக்கிறார்கள். டிசம்பரிலும் மே மாதத்திலும் வருவார்கள். வந்ததும் கார் வேண்டும், பைக் வேண்டும் என்பார்கள். தமிழ் பேசுகிற ஊர்தானே என்று, இது தங்களுக்கு வெளிநாடு என்பதையே மறந்துவிடுவார்கள். ஒரு வண்டி இடிபட்டால்தான் அது நினைவுக்கு வரும். போனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் மூன்றுக்கும் விருந்தாளிகளோடு நடந்து நடந்து தெரிந்துகொண்டவன்.

இடித்த உடனே, முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விடுங்கள். மலைச்சாலையில் இதோடு முடியாது. சக்கரத்துக்கு அடியில் ஒரு பெரிய கல்லை வையுங்கள். நாலு பக்க விளக்கும் எரியட்டும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் அந்த விளக்கு பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. அதனால் இங்கே எல்லோரும் செய்வது போல இலையோடு ஒரு மரக்கிளையை ஒடித்து, வளைவுக்கு முன்பே சாலையில் போடுங்கள். மேலேயும் ஒன்று, கீழேயும் ஒன்று. சாலையில் கிளை கிடந்தால் முன்னால் வண்டி நிற்கிறது என்று இந்த ஊர் டிரைவர்களுக்குப் புரியும்.

அப்புறம் 108. போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 112. இடத்தைச் சொல்லும்போது ‘ஊட்டி போற வழியில்’ என்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையில் 14 வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. எத்தனையாவது வளைவு, எந்தச் சாலை, அதற்கு மேலேயா கீழேயா என்று சொல்லுங்கள். வளைவு இல்லாத இடமென்றால் கிலோமீட்டர் கல். சிக்னல் கிடைக்காவிட்டால் வருகிற முதல் அரசுப் பேருந்தைக் கை காட்டி நிறுத்திச் சொல்லி அனுப்புங்கள். அடுத்த ஊருக்குச் செய்தி போய்விடும்.

அடிபட்டவரை அவசரப்பட்டு இழுத்து வெளியே எடுக்காதீர்கள். தீப்பிடிக்கும், பள்ளத்தில் சரியும் என்று பயம் இருந்தால் மட்டும் எடுங்கள். கழுத்து அசையக் கூடாது.

இதற்கிடையில் உங்களோடு வந்தவர் ஒருவர் படம் எடுக்கட்டும். முதலில் சாலை முழுதும் தெரிகிற மாதிரி, பிறகு டயர் தடம், இரண்டு வண்டிகளின் நம்பர் பலகை, கடைசியில்தான் நசுங்கிய இடம். பெரும்பாலோர் நசுங்கிய பம்பரை மட்டும் இருபது படம் எடுத்து வருவார்கள். யார் எந்தப் பக்கம் வந்தார் என்பது பம்பரில் தெரியாது. மழையும் மூடுபனியும் வந்தால் அரை மணியில் தடம் போய்விடும்.

இறங்கினால் கூட்டம் அடிக்குமாமே? நேரே போய்விடலாமா?

கூடாது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டம் வெறியோடு இருந்தால் என்ன செய்வது என்பதையும் அந்தப் பிரிவே யோசித்திருக்கிறது. உயிருக்குப் பயம் என்றால் விலகலாம். ஆனால் நேராக பக்கத்து ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும், தங்கும் விடுதிக்கு அல்ல.

இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, எந்த ஹட்டியாக (படகர் ஊர்) இருந்தாலும் எந்த லயமாக (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) இருந்தாலும் முதலில் ஓடி வருகிறவர் அடிபட்டவரைத் தூக்கத்தான் வருகிறார். நீங்களும் ஒரு கை கொடுத்தால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். நிற்காமல் போனவரைத்தான் துரத்துவார்கள். இது மலை, ஓடுவதற்கு ஒரு சில சாலைகள்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செக்போஸ்ட் உண்டு.

சின்ன இடிதான். அங்கேயே கொஞ்சம் பணம் கொடுத்து முடித்துக்கொண்டால் என்ன?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு கதையோடு சொல்கிறேன்.

டொரண்டோவிலிருந்து வந்த என் மச்சான் ஒருவர், அரவேணுவுக்குக் கீழே ஒரு வளைவில் இறங்கிக்கொண்டிருந்தார். கனடாவில் சாலையின் வலது பக்கம் ஓட்டுகிறவர். நேர்ச்சாலையில் ஒழுங்காக இடது பக்கம் வந்தவர், வளைவில் திரும்பும்போது கை பழகிய பக்கத்துக்குப் போய்விட்டது. எதிரே ஸ்கூட்டரில் வந்த பையன் விழுந்தான். முட்டியில் சிராய்ப்பு. ‘பரவாயில்லண்ணா’ என்றான். மச்சான் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார், இரண்டு பேரும் டீ குடித்தார்கள், கை குலுக்கிப் பிரிந்தார்கள்.

மூன்றாம் நாள் பையனுக்குத் தோள் வலி தாங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் காறை எலும்பில் விரிசல். அவன் மாமா ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். புகாரில் ‘மோதிவிட்டு நிற்காமல் சென்றுவிட்டார்’ என்று எழுதியிருந்தது. பையன் கெட்டவன் இல்லை, எழுதியவர் வேறு ஆள். மச்சானுக்கு விமானம் ஆறு நாளில். நின்றோம், ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டோம் என்பதற்கு எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. அவர் மகள் எடுத்த ஒரு போட்டோவில் அந்தப் பையன் டீ கிளாசோடு திண்டில் உட்கார்ந்திருந்தான், படத்தில் நேரமும் பதிந்திருந்தது. அந்தப் படமும் டீக்கடை அக்காவின் சாட்சியும்தான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றின.

உள்ளூர்க்காரர் பணம் கொடுத்து முடித்தால், பிறகு பிரச்சினை வந்தாலும் அவர் இங்கேயே இருப்பார், பேசிக்கொள்ளலாம். நீங்கள் போய்விடுவீர்கள். உங்கள் இடத்தில் நின்று பேசுவதற்குக் காகிதம்தான் இருக்கும். இன்னொன்று, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாமல் ‘தப்பு என்னுடையது’ என்று எழுதிக் கொடுப்பதும் பணம் பேசி முடிப்பதும் பாலிசி நிபந்தனைக்கு எதிரானது. பின்னால் பெரிய தொகை வந்தால் கம்பெனி கையை விரிக்கும்.

மனசு கேட்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவுங்கள், அது மனிதத்தன்மை. ஆனால் ஸ்டேஷனில் பதிந்துவிட்டுச் செய்யுங்கள். நடுவில் யாராவது வெள்ளை வேட்டியோடு வந்து ‘நான் பேசி முடிச்சுத் தரேன்’ என்றால், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

ஸ்டேஷனில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

யாருக்கும் பெரிய அடி இல்லை என்றால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். பல சமயம் அதுவே போதும். அடி பட்டிருந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். இது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி பதிவாகும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 279 என்று அண்ணன்மார் பழைய எண்ணைச் சொல்வார்கள். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281. கவனக்குறைவாக வண்டி ஓட்டியதற்கான பிரிவு அது.

புகாரை நீங்களே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், எந்தத் திசையில் வந்தீர்கள், எதிர் வண்டி எங்கிருந்து வந்தது. அவ்வளவுதான், கதை வேண்டாம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சித்தியின் மருமகன் யாழ்ப்பாணத்துக்காரர். ஒருமுறை ஸ்டேஷனில் அவர் வாயால் சொல்ல, ஏட்டு எழுதினார். ‘காலமை ஏழு மணிக்கு வெளிக்கிட்டனாங்கள்’ என்றார் இவர். கிளம்பினோம் என்று அர்த்தம். இந்தப் பக்கத்தில் ‘வெளிக்கு’ என்றால் வேறு வேலை. ஏட்டு பேனாவை நிறுத்தி, ‘சாலை ஓரத்திலா சார்?’ என்று கேட்டார். இதில் சிரிப்போடு போயிற்று. ‘பிழை’ (தவறு), ‘பேந்து’ (பிறகு), ‘ஒழுங்கை’ (சந்து) என்று அடுத்தடுத்து வந்தபோது வண்டி எந்தப் பக்கம் வந்தது என்பதே மாறிவிடப் பார்த்தது. தமிழ் ஒன்றுதான், ஸ்டேஷன் தமிழ் வேறு. எழுதியதை வாங்கி முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. பிரான்சில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்கலாமா?

முதலில் நகலைக் கொடுங்கள், விசா பக்கத்தோடு. மூலத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எந்த வழக்குக்காக, எந்தத் தேதியில் வாங்கினோம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வாடகைக்கு விடுகிறவர்களிடம் அடமானமாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விபத்து நடந்த அன்று அது கடைக்காரர் பெட்டியில் இருக்கும், அவர் பேரம் பேசுவார். எங்கள் விருந்தாளி ஒருவருக்கு இது நடந்தது.

தொலைந்துபோனால், போலீஸ் ரசீது, உங்கள் நாட்டுத் தூதரகம் தரும் அவசரப் பயண ஆவணம், பிறகு இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி என்று மூன்று படி. நீலகிரியில் வெளிநாட்டினர் பதிவு மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தின் பொறுப்பு, ஊட்டியில். விண்ணப்பம் இப்போது ஆன்லைனில் போகிறது.

வழக்கு இருந்தால் ஊருக்குப் போகவே முடியாதா?

அப்படி இல்லை. கவனக்குறைவாக ஓட்டியது, அதனால் காயம் ஏற்பட்டது, இவையெல்லாம் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். உயிர் போயிருந்தால் அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு, அதுவும் ஜாமீனில் விடக்கூடியதே. சிக்கல் என்னவென்றால் ஜாமீனுக்கு உள்ளூர் ஆள் கேட்பார்கள். அதனால்தான் சொந்தம் வேண்டும் என்பது. முகவரி, ரேஷன் கார்டு, சொத்து வரி ரசீது உள்ள ஒருவர் உங்களுக்காக வந்து நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவோ, நாட்டை விட்டுப் போகும் முன் அனுமதி பெறவோ நீதிமன்றம் நிபந்தனை போடலாம். அப்படிப் போட்டால் வக்கீல் மூலம் மனு போட்டுத் தேதி குறித்து அனுமதி வாங்கலாம். சொல்லாமல் விமானம் ஏறுவது மட்டும் வேண்டாம். அடுத்த முறை வரும்போது விமான நிலையத்திலேயே நிறுத்துவார்கள்.

தூதரகம் என்ன செய்யும்?

வக்கீல்கள் பட்டியல் தரும், வீட்டாருக்குச் செய்தி சொல்லும், கைதானால் வந்து பார்க்கும். 1963 வியன்னா உடன்படிக்கையின்படி, கைதானவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். பணம் கட்டாது, வழக்கை நிறுத்தாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா எல்லாவற்றுக்கும் சென்னையில் அலுவலகம் உண்டு.

அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி? பணம் முன்னால் கட்ட வேண்டுமா?

108 எங்கே கொண்டுபோகிறதோ அங்கே முதலில் போங்கள். கோத்தகிரி, கூடலூரில் அரசு மருத்துவமனைகள், குன்னூரில் லாலி மருத்துவமனை, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தலையில் பலத்த அடி என்றால் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவார்கள். மே மாதக் கூட்டத்தில் மேட்டுப்பாளையம் தாண்டுவதே பெரிய பாடு. ‘எங்களுக்குப் பிரைவேட்தான் வேணும்’ என்று முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்காதீர்கள். ரத்தத்தை நிறுத்தவும் மூச்சைக் காக்கவும் அரசு மருத்துவமனையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

பணம் பற்றி நம் வெளிநாட்டுச் சொந்தங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். ரேஷன் கார்டு வேண்டாம், வருமான வரம்பு இல்லை, வேற்று நாட்டவருக்கும் பொருந்தும். 2025 மே மாதம் ஒன்றிய அரசும் ஒரு திட்டம் அறிவித்தது. விபத்து நாளிலிருந்து 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. சேர்க்கும்போதே இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில், வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் முன்பணம் கேட்பார்கள்.

விபத்து என்று சொல்லிச் சேர்ந்தால் மருத்துவர் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதன் நகலை வாங்க வேண்டும். இழப்பீட்டு வழக்கின் முதல் காகிதம் அதுதான். ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்லிச் சேர்ந்துவிட்டு, பிறகு கார் மோதியது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பயண இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் சேர்ந்த அன்றே அவர்களுக்குப் போன் செய்யுங்கள். உரிமம் இல்லாமல் ஓட்டியது, குடித்திருந்தது, ஹெல்மெட் இல்லாதது என்று அவர்கள் தட்டிக் கழிக்க வழி தேடுவார்கள். இங்கே 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். சில நாடுகளில் 80 வரை விடுவார்கள். அந்தக் கணக்கில் ‘ஒரு பீர்தானே’ என்று நினைக்காதீர்கள்.

என் நாட்டு லைசென்ஸ் போதுமா?

சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து வாருங்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தருவது, ஓராண்டு செல்லும். அதைச் சொந்த நாட்டில்தான் எடுக்க முடியும், இங்கே வந்து எடுக்க முடியாது. உங்கள் நாட்டு உரிமமும் கூடவே இருக்க வேண்டும். கார் ஓட்ட மட்டும் உரிமம் உள்ளவர் இங்கே ஸ்கூட்டர் எடுத்தால் அவர் உரிமம் இல்லாதவர் கணக்குதான். அடிபட்ட மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியைப் பணம் கட்டச் சொல்லும் நீதிமன்றம், பிறகு அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்றும் சொல்லும். வண்டி உரிமையாளர் யார்? வண்டி கொடுத்த உங்கள் சித்தப்பா.

சித்தப்பா காரை ஓட்டலாமா, வாடகைக் கார் எடுக்கலாமா?

சித்தப்பா கார் என்றால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வெறும் தேர்டு பார்ட்டி என்றால் வெளியே அடிபட்டவருக்குத்தான் காப்பு. சொந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவி மக்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வது இருந்தால் தேவலை. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு உரிமையாளருக்கு மட்டும்தான், இரவல் வாங்கி ஓட்டும் உங்களுக்கு இல்லை.

வாடகைக்கு எடுத்தால் நம்பர் பலகையைப் பாருங்கள். நீங்களே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவரோடு வரும் டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு. அதை நாள் வாடகைக்குத் தருகிறவர்கள் மலிவாகத் தருவார்கள். ‘போலீஸ் கேட்டா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லுங்க’ என்றும் சொல்லித் தருவார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், மஞ்சள் பலகை வண்டி, இந்த ஊர் டிரைவர். விபத்து நடந்தாலும் நீங்கள் பயணி, அடிபட்டால் இழப்பீடு கேட்கலாம், இல்லாவிட்டால் சாட்சி. உங்களை யாரும் நிறுத்தி வைக்க மாட்டார்கள்.

போலீஸ் எடுத்து வைத்த வண்டியை எப்போது திருப்பித் தருவார்கள்?

ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து வந்து பார்த்த பிறகு. எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) என்று காகிதத்தில் இருக்கும், ஊரில் எல்லோருக்கும் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். பிரேக் வேலை செய்ததா, வண்டிக் கோளாறா, ஆள் கோளாறா என்று அவர் எழுதித் தருவார். அதற்கு முன் எதையும் ரிப்பேர் செய்யக் கூடாது. உடைந்த கண்ணாடியைக்கூட மாற்றாதீர்கள்.

காட்டுமாடு குறுக்கே வந்து மோதிவிட்டால்?

இங்கே காட்டெருமை தேயிலைக்குள்ளிருந்து எழுந்து சாலைக்கு வரும். இறங்கிப் போய்ப் பார்க்காதீர்கள். அடிபட்ட காட்டுமாடு படுத்திருக்கும், பக்கத்தில் போனால் எழும். குஞ்சப்பனை, கல்லாறு பக்கம் என்றால் யானை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்து 112-க்குச் சொல்லுங்கள், வனத்துறைக்குச் செய்தி போகட்டும். காட்டெருமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. சொல்லாமல் போனால்தான் குற்றவாளி போலத் தெரிவீர்கள். இப்படி நசுங்கிய காருக்குத் தேர்டு பார்ட்டி பாலிசியில் ஒரு பைசா வராது.

எனக்குத்தான் அடி. திரும்பிப் போன பிறகு இழப்பீடு கேட்க முடியுமா?

முடியும். குடியுரிமை எதுவானாலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத் திருத்தம் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ‘அடுத்த விடுமுறைக்கு வரும்போது பார்த்துக்கலாம்’ என்று போனவர்கள் ஏமாந்தார்கள். கிளம்பும் முன்பே வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் தாளில்) கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். மறந்துவிட்டால், அங்கிருந்து உறவினருக்குப் பவர் எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

கையில் வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மூல பில்கள், வேலைக்குப் போகாத நாட்களுக்கு உங்கள் முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு. வெளிநாட்டுச் சம்பளத்தையும் கணக்கில் எடுப்பார்கள், ஆதாரம் இருந்தால். மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போனால் அரசின் நிதியிலிருந்து படுகாயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய். வாசலிலேயே ‘நூற்றுக்கு இவ்வளவு’ என்று வந்து நிற்கிறவர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உயிரிழப்பு நேர்ந்தால்?

பிரேதப் பரிசோதனை கட்டாயம். உடலை ஊருக்குக் கொண்டுபோக போலீஸ் தடையின்மைச் சான்று, இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, தூதரகச் சான்று நான்கும் விமான நிறுவனம் கேட்கும். இதை வீட்டார் செய்ய வேண்டாம். இந்த வேலைக்கென்றே கோவையிலும் சென்னையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டார் பக்கத்தில் ஒருவர் இருந்து, சாப்பிட வைத்தால் போதும்.

ஓட்டித்தான் ஆவேன் என்கிறேன். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

சரி. இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவது கியர், சில இடங்களில் முதல் கியர். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பர்லியாறு வருவதற்குள் கருகிய வாடை வரும், பிறகு பிரேக் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். டி-யில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். எல் என்றோ எம் என்றோ ஒன்று இருக்கும், அதில் போடுங்கள். குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். வளைவில் ஹார்ன் அடிப்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை.

கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க வெளி மாவட்ட வண்டிகளை விடுவதில்லை. நீலகிரியில் பதிவான டி.என். 43 நம்பர் வண்டி இரவல் கிடைத்தாலும் முதல்முறை வருகிறவர் அதில் இறங்க வேண்டாம். 2018-இல் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்து இரண்டு நாள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஏழு பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தங்கியிருக்கும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே சமையலறைக் கதவில் ஒரு சிலேட்டு தொங்குகிறது.

எல்லாம் முடிந்தது. கிளம்பும்போது ஏதாவது?

சக்கரத்துக்கு வைத்த கல்லையும் சாலையில் போட்ட கிளைகளையும் எடுத்து ஓரமாகப் போடுங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். இருட்டில் ஒரு பைக்குக்காரன் அந்தக் கல்லில் ஏறினால், இன்னொருவர் இந்தப் பட்டியலை முதல் கேள்வியிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கும்.